அரசின் முகப்பில் ஆண்டவன் பெயர் வேண்டுமா?

(பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



அரசாங்கம் கடவுளின் பெயரைச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்பதே இன்று எனக்கு அளிக்கப்பட்ட பொருள். கடவுள் உண்டா, இல்லையா என்பது அன்று. அந்த வழக்கை விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கும் நியாயாதிக்கம் கிடையாது; எந்தப் பாராளுமன்றத்துக்கும் கிடையாது. நான் நிலைநாட்ட விரும்புவது ஒன்றே. தனிமனிதன் தன் பொருட்டு ஆண்டவன் பெயரைச் சொல்வது அவனுடைய உரிமை. அரசு எல்லோர் பொருட்டும் அதனைச் சொல்லத் தொடங்கினால், இறுதியில் அங்கே எஞ்சுவது ஆண்டவன் பெயரன்று, பெரும்பான்மையின் பெயரே.

நீங்கள் அனைவரும் அறிந்த சாட்சிக் கூண்டிலிருந்தே தொடங்குகிறேன். நமது நாட்டின் 1895ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பிரமாணங்கள், உறுதியுரைகள் பற்றிய கட்டளைச் சட்டம், பௌத்தருக்கும் இந்துக்களுக்கும் இஸ்லாமியருக்கும், சத்தியஞ் செய்ய மனச்சாட்சி இடங்கொடாத எவருக்கும், சத்தியத்துக்குப் பதிலாக உறுதியுரை செய்ய வழிவிட்டிருக்கிறது. சத்தியஞ் செய்தவன் பொய் சொன்னாலும், உறுதியுரைத்தவன் பொய் சொன்னாலும் குற்றம் ஒன்றே, தண்டனையும் ஒன்றே. கடவுளை விட்டால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று அஞ்சுவோருக்கு நமது நீதிமன்றங்களே நூறாண்டுக்கு மேலாக விடை கூறி வருகின்றன.

இந்தச் சிறிய உரிமையும் எளிதிற் கிடைத்ததன்று. இங்கிலாந்திலே சார்ள்ஸ் பிராட்லோ என்னும் நாத்திகர் 1880ஆம் ஆண்டு நோர்தாம்ப்டன் தொகுதி மக்களால் தெரிவு செய்யப்பட்டார். உறுதியுரை செய்ய அனுமதி கேட்டார், சபை மறுத்தது. அப்படியாயின் சத்தியமே செய்கிறேன் என்றார், அதையும் மறுத்தது. அவரைப் பாராளுமன்ற மணிக்கூட்டுக் கோபுரத்திலே அடைத்தும் வைத்தது. தொகுதி மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே அனுப்பினர். 1886இலேதான் அவர் ஆசனத்தில் அமர முடிந்தது. 1888இல் உறுதியுரைக்கு இடமளிக்கும் சட்டம் நிறைவேறியது. மக்கள் கொடுத்த ஆணையைக் கடவுளின் பெயரால் ஆறாண்டுகள் தடுத்து வைத்தார்கள். இதனால் ஆண்டவனுக்கு என்ன பெருமை வந்தது?

அடுத்து இந்தியாவைப் பார்ப்போம். 1949 ஒக்டோபர் 17ஆம் நாள், அரசியல் நிர்ணய சபை தன் நெடும் பணியை முடிக்குந் தறுவாயில் முகவுரையை எடுத்துக்கொண்டது. எச். வி. காமத் என்னும் உறுப்பினர், இந்திய மக்களாகிய நாம் என்ற தொடக்கத்துக்கு முன்னே 'கடவுளின் பெயரால்' எனச் சேர்க்கும் திருத்தத்தைக் கொணர்ந்தார். உடனே என்ன நிகழ்ந்தது? கோவிந்த மாளவியா, பரமேசுவரனின் அருளால் எனத் தொடங்க விரும்பினார். சிபன்லால் சக்சேனா, கடவுளோடு காந்தியடிகளின் பெயரும் வரவேண்டுமென்றார். காமாக்கியா தேவியின் நாடாகிய காமரூபத்தைச் சேர்ந்த ரோகிணி குமார் சௌத்ரி, அப்படியானால் தேவியின் பெயரைச் சொல்லலாகாதா என்று கேட்டார். கடவுளைச் சட்டத்தில் ஏற்றுவோம் என்ற கணத்திலேயே, எந்தக் கடவுள் என்ற கேள்வி பிறந்துவிட்டது பாருங்கள்!

பட்டம் தாணுபிள்ளை, நம்பவும் நம்பாதிருக்கவும் மனிதனுக்கு உரிமையுண்டு, இத்திருத்தம் நம்பிக்கையைக் கட்டாயமாக்கும் என எதிர்த்தார். எண்ணத்துக்கும் நம்பிக்கைக்கும் வழிபாட்டுக்கும் சுதந்திரம் தருவதாக வாக்களிக்கும் அதே முகவுரை, ஒரு நம்பிக்கையை எல்லோர் மீதும் சுமத்துவது பொருந்தாதென்றார் இருதயநாத குன்ஸ்ரு. கடவுள் மீது வாக்களிக்கும் தர்மசங்கடத்துக்கு எங்களை ஆளாக்க வேண்டாமெனப் பூர்ணிமா பானர்ஜி வேண்டினார். காமத் விடவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்து வாக்களித்தோர் எல்லாம் நாத்திகரா? அல்லர். ஆண்டவனை எண்ணிக்கைக்கு உட்படுத்தலாகாது எனக் கருதிய பக்திமான்களும் அவர்களிடையே இருந்தனர். அதே அரசியலமைப்பு, பதவியேற்பவர் கடவுளின் பெயராலோ உளமாரவோ உறுதி கூறலாம் என இரு வழிகளையுந் திறந்து வைத்தது. 2021இல் தமிழ்நாட்டின் முதலமைச்சராக மு. க. ஸ்டாலின் உளமார உறுதி கூறியே பதவியேற்றார். நான் முதலிற் சொன்ன வேறுபாடு இதுவே: தன் பொருட்டுப் பேசுகிறவனுக்குக் கடவுளின் பெயர் உரியது, எல்லோர் பொருட்டும் பேசுகிற அரசுக்கு உரியதன்று.

கடவுளை முகவுரையில் வைத்த நாடும் உண்டு. அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் தொடங்குகிறது. இன்றும் அவ்வாறே இருக்கிறது. அதனை நான் மறைக்கவில்லை. ஆனால் அதே சாசனம், பெரும்பான்மை மக்களின் விசுவாசத்தைக் காப்பது எனக் கூறிக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு விசேட நிலையையும் அளித்திருந்தது. அந்த வாசகம் மறைவதற்காகத் தாம் ஒரு துளி கண்ணீரும் சிந்தப் போவதில்லையென 1969இல் சொன்னவர் யார்? கத்தோலிக்கக் கருதினால் கொன்வே! 1972 டிசம்பர் 7ஆம் நாள் நடந்த மக்கள் தீர்ப்பில், நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் அதனை நீக்க வாக்களித்தனர். திருச்சபை அதனாற் சரிந்துவிடவில்லை.

அதே 1972ஆம் ஆண்டு இலங்கையிலே என்ன நடந்தது? மே 22ஆம் நாள் பிறந்த குடியரசு அரசியலமைப்பு, பௌத்தத்துக்கு முதன்மை இடத்தை வழங்கி, அதனைப் பாதுகாத்துப் பேணுவது அரசின் கடமையென்றது. எந்தச் சமயத்தவர்க்கும் மற்றவர்க்கில்லாத சலுகையோ தடையோ சட்டத்தால் விதிக்கலாகாதென்ற சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு மறைந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை, புத்த சாசனத்தைப் பேணும் கடமையென அதனை மேலும் விரித்தது. இங்கே கடவுள் என்ற சொல்லே இல்லை. பௌத்தம் படைப்புக் கடவுளைக் கூறும் சமயமுமன்று. ஆயினும் வினா ஒன்றே: அரசுக்கு ஒரு சமயம் உண்டா?

இது வெறும் அலங்காரச் சொல், இதனால் யாருக்கு என்ன கேடு என்பார் உளர். சட்டத்தில் வெறுஞ்சொல் கிடையாது, அன்பர்களே. 2003இல், போதனையும் தொண்டும் செய்து வந்த கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைக்கும் மசோதா உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. சமயத்தைப் பரப்புவது அரசியலமைப்பு அளித்த உரிமையன்று, அது புத்த சாசனத்துக்குக் குந்தகமாகும் என்று 9ஆம் உறுப்புரையையும் காட்டி நீதிமன்றம் தீர்மானித்தது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, அச்சகோதரிகளின் சமய சுதந்திரம் மீறப்பட்டதெனக் கண்டது. அலங்காரச் சொல் அன்று வாளாயிற்று.

இவ்வளவு சொன்ன நாம் நமது வீட்டையும் பார்க்க வேண்டாமா? 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் இந்நாட்டில் நிறைவேறிவிட்டது. அதன் பின்னரும், 1968இலே மாவிட்டபுரத்தில், முருகன் சந்நிதிக்கு வந்த தமிழரைத் தமிழரே வாயிலில் மறித்தனர். அன்று வாயிலை மறித்ததும் ஆண்டவன் பெயரால்தான். அவன் முன் எல்லோருஞ் சமமென்று சொன்னதும் அதே ஆண்டவன் பெயரால்தான். அந்த வழக்கிலே அடக்கப்பட்டோர் பக்கம் நின்றது எது? எவர் சாமியையும் சாராத பொதுச் சட்டம்.

ஆகவே சிங்கள சகோதரர்களிடம் நாம் கேட்பதை நம்மிடமும் நாம் கேட்க வேண்டும். நாளை வடக்கிலும் கிழக்கிலும் உண்மையான சுயாட்சி வருமாயின், அதன் முகப்பில் சைவத்தின் பெயரை எழுத வேண்டுமென எழும் குரலை நாமே முதலில் மறுக்க வேண்டும். மன்னாரில் கத்தோலிக்கரும், கிழக்கெங்கும் முஸ்லிம் மக்களும் நம்மோடு வாழ்கின்றனர். சைவர் பெரும்பான்மையாயுள்ள நம் மக்கள், கிறிஸ்தவரான செல்வநாயகத்தைத் தந்தையென ஏற்றனர். அவரைத் தலைவராக்கியது அவருடைய கொள்கை. அவர் வழிபட்ட ஆலயம் எதுவென்று கேட்டு ஒருவரும் பின்வாங்கவில்லை. அந்தப் பண்பையே சட்டமாக்குங்கள் என்கிறேன்.

கோவிலில் மணி ஒலிக்கட்டும். விகாரையில் பிரித் ஓதட்டும். பள்ளிவாசலில் பாங்கொலி எழட்டும். தேவாலயத்தில் ஆராதனை நடக்கட்டும். அரசு அவை நான்குக்கும் காவலாய் வெளியில் நிற்கட்டும். ஒன்றனுள் நுழைந்து பூசகர் வேடம் பூண வேண்டாம். இந்தக் கோரிக்கையை ஒவ்வோர் அரசியலமைப்புப் பேச்சுவார்த்தையிலும் தளராது முன்வைப்போம்.