பாய்ந்தவரும் நிலமானவரும்



நல்லாசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நன்னூல் நான்கு உவமைகளைக் காட்டுகிறது. நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பன அவை. வகுப்பில் இதனைப் படிப்பிக்கும்போது மாணவர்கள் மலையையும் மலரையும் இலகுவில் விளங்கிக்கொள்கிறார்கள். நிலம் என்றதும் தயங்குகிறார்கள். மிதிபடுகின்ற நிலத்துக்கு என்ன பெருமை என்பது அவர்களின் ஐயம். அதற்கு விடையாக ஒருவரின் வாழ்க்கையை இன்று உங்கள் முன் வைக்கிறேன். நிலத்தை விட்டு எழுந்து பாய்ந்து புகழ் பெற்றவர் அவர். பின்னர் பிறர் எழுவதற்கு நிலமாக இருந்தவர். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்பது அவர் பெயர்.

1934 இல் பிறந்த அவர், யாழ்ப்பாணத்துப் பெரியவிளானைச் சேர்ந்தவர், யாழ். மத்திய கல்லூரியின் மாணவர். 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் உயரம் பாய்தலில் இலங்கைக்காகக் களமிறங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. 1956 இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். பின்னர் வந்தது 1958. டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசியப் போட்டிகளில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அதுவே.

அந்தப் போட்டிகள் நடந்த காலத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். மே 24 இல் தொடங்கி யூன் 1 இல் முடிந்தன. அதே நாட்களில் இங்கே இனக்கலவரம் மூண்டிருந்தது. மே 27 இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கொழும்பில் வாழ்ந்த தமிழர்கள் வீடுவாசலை விட்டு அகதி முகாமில் தங்கி, கப்பலேறிக் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தார்கள். தாய்நாட்டின் பெயரை ஒரு தமிழ் இளைஞர் அந்நிய மண்ணில் உயர்த்திய வேளையில், அவருடைய மக்கள் தாய்நாட்டிலேயே ஏதிலிகளாயினர். இதைவிடக் கசப்பான முரணை எந்தக் கதாசிரியரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

அதன் பின்னும் அவர் இலங்கைக்காகவே பாய்ந்தார். 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். கலிபோர்னியாவிலும் கோர்ணெல் பல்கலைக்கழகத்திலும் உயர்கல்வி கற்றுக் கலாநிதியானார். ஆபிரிக்காவில் சியரா லியோன், நைஜீரியா, பசுபிக்கில் பப்புவா நியூகினி என்று தூர தேசங்களில் கல்விப் பணி செய்தார், யுனெஸ்கோவிலும் கடமையாற்றினார். முதிய வயதில் வடக்கு கிழக்குக்கு மீண்டும் வந்து, போரால் நலிந்த சிறுவர்களின் கல்வியிலும் விளையாட்டிலும் அக்கறை காட்டினார். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் காலமானார்.

உயரம் பாய்தலில் ஒரு வினோதம் உண்டு. ஓட்டத்தில் முதலாவதாக வருபவர் வெற்றியோடு ஓடி முடிக்கிறார். உயரம் பாய்பவரோ, முதற்பரிசு பெற்றாலும், பெரும்பாலும் தடியை விழுத்திவிட்டே களத்தை விட்டுப் போகிறார். ஒரு உயரத்தைத் தாண்டியதும் தடி மேலே ஏறும். தொடர்ந்து மூன்று முறை தவறும்வரை பாயலாம். தன் எல்லை எதுவென்று தவறித் தவறியே கண்டுகொள்ளும் கலை இது. இதனைப் பழகிய ஒருவருக்கு, மூன்று முறை தவறிய மாணவன் முட்டாளாகத் தெரியமாட்டான். இன்னும் சற்றுப் பயிற்சி வேண்டியவனாகவே தெரிவான். ஆசிரியத் தொழிலுக்கு இதைவிட நல்ல ஆயத்தம் எது?

இங்கே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாடசாலை மணி அடித்ததும் பிள்ளைகள் ரியூட்டரிக்கு ஓடுகிறார்கள். மைதானத்துக்குப் போனால் படிப்புக் கெட்டுவிடும் என்பது பெற்றோரின் பயம். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. உடைமைகளை இழந்து இழந்து இடம்பெயர்ந்த சமூகத்துக்கு, எவராலும் எரிக்க முடியாத சொத்துக் கல்வி ஒன்றுதான் என்ற எண்ணம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் படிப்பும் பாய்ச்சலும் பகையல்ல என்பதற்கு எதிர்வீரசிங்கத்தின் வாழ்வே சான்று. ஒலிம்பிக் மைதானத்தில் நின்ற கால்கள்தாம் பல்கலைக்கழகப் படிகளிலும் ஏறின.

மிதிப்பவனைப் பொறுத்து, உழைப்பவனுக்கு உழைப்பின் அளவே பலன் தருவது நிலம். எத்தனை உயரம் பாய்பவனும் காலை அழுத்தி ஊன்றுவது நிலத்தில்தான். நிலம் உறுதியாக இல்லாவிட்டால் பாய்ச்சலே இல்லை. மாணவர்களின் ஐயத்துக்கு என் விடை இதுதான். பதக்கத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அதன் நிழலில் வாழ்ந்து முடித்திருக்கலாம் அந்த மனிதர். அவர் அப்படிச் செய்யவில்லை. பிறருடைய கால்களுக்குக் கீழே உறுதியான மண்ணாக இருப்பதைத் தெரிந்தெடுத்தார்.