துறைமுகத்தில் நிமிர்ந்த தலைகள்



உழைப்பவனுக்குக் கூலி பெரிது. கூலியினும் பெரிது, தலை நிமிர்ந்து வேலைக்குச் செல்லும் உரிமை. அவ்வுரிமையை ஒரு துறைமுகத்து மக்கள் பெற்ற வரலாறே இவ்வுரையின் பொருள்.

அமெரிக்க நாட்டின் மேலைக் கரையில் உள்ளது சான் பிரான்சிசுக்கோ. 1934-க்கு முன்பு, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவோர் வைகறையிலேயே அங்குக் கரையோரத் தெருவில் கூடி நிற்பர். கங்காணி வருவான், விரல் நீட்டுவான். சுட்டப்பெற்றவனுக்கு வேலை, மற்றவனுக்கு வெறுங்கை. அவ்விரல் தம் பக்கம் திரும்பக் கையூட்டுக் கொடுத்தோரும் உளர். அழைக்கப்பெற்றவன் முதுகொடிய நெடும்பொழுது மூட்டை சுமந்தான். அழைக்கப்பெறாதவன் வீட்டில் உலை ஏறவில்லை. தந்தை திரும்பும் வேளை கொண்டே பிள்ளைகள் அன்றைய உணவை அறிந்தனர்.

1934 மே 9-இல் அக்கரைத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஆத்திரேலியாவிற் பிறந்த ஆரி பிரிட்சசு முன்னின்றார். சூலை 5-இல் காவலர் சுட்டனர், இருவர் மாண்டனர். சூலை 16 முதல் நான்கு நாள் நகரத் தொழிலாளருள் மிகப் பலர் வேலையை நிறுத்தினர். போராட்டம் 83 நாள் நீண்டது. அக்தோபரில் நடுவர் தீர்ப்பு வந்தது. நாளுக்கு ஆறு மணிநேர வேலை. மணிக்கு 95 செண்டு கூலி. ஆளனுப்பப் பொதுக்கூடம் என்பன அதன் கூறுகள். கூடத்தை இருதரப்பும் நடத்தும். ஆளனுப்புவோனைத் தொழிற்சங்கமே தேரும்.

இம்மூன்றனுள் கூடமே தலையாயது. குறைந்த நேரம் உழைத்தவனுக்கு முதல் அழைப்பு என்பது அதன் நெறியாயிற்று. கங்காணியின் விரல் வீழ்ந்தது, முறை எழுந்தது. தந்தை வழியில் மகனும் இரும்புக் கொக்கியை ஏந்தினான்; குளம்பிக் கொட்டை மூட்டையும் மரப்பலகையும் இறக்கினான். குடும்பத் தொழில் இழிதொழிலாக இல்லாமல் பெருமிதத் தொழிலாயிற்று.

பின்னர்ப் பொறிகள் வந்தன. 1960-இல் சங்கம் ஓர் உடன்பாடு செய்தது. பொறிகளை ஏற்றது, ஈடாக, பதிவு பெற்றோர்க்கு வேலைக் காப்பும் ஓய்வுபெறுவோர்க்குப் பணமும் பெற்றது. ஆயினும் சரக்குப் பெட்டகம் பெருகப் பெருக, ஆள்தேவை சுருங்கியது. கொக்கிகள் சுவரில் தொங்கின. இருப்பவரைக் காத்த அவ்வுடன்பாடு, இனி வரவேண்டிய மகனுக்கு இடம் வைத்ததா? இவ்வினா அன்றே சங்கத்துள் எழுந்தது; இன்றும் அடங்கவில்லை.

தோழர்களே! பொறி வருவதைத் தடுத்தல் அரிது. அதன் பயனில் உழைத்தவனுக்கும் அவன் பிள்ளைக்கும் பங்கு கேட்பது அறம். ஒருவன் விரலுக்குப் பலர் காத்திருக்கும் வாயில் எங்கெங்கு உண்டோ, அங்கெல்லாம் முறை வைக்கும் கூடம் ஒன்று எழுக!