வசூலிப்பவர் கைக்கு வரும் வெகுமதி

தேவிபட்டினத்திலும், கீழக்கரை, ஏர்வாடி என நீளும் கடலோர ஊர்களிலும், நோன்பு மாதம் நெருங்கிவிட்டால், பள்ளிவாசல் கஞ்சிக்கென்றும், வழியற்ற குடும்பத்தின் குமர் காரியத்துக்கென்றும், அதாவது பெண்ணின் கலியாணத்துக்கென்றும், ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜமாஅத்தார் வீடு வீடாகச் செல்வதுண்டு. சந்தாவை எண்ணிக் கொடுத்த வல்லத்துக்காரர் ஒருவர், பிரியத்தோடு, "இது உங்க வீட்டுக்கு, காக்கா" என்று நல்ல சீலா மீன் ஒன்றையும் எடுத்து நீட்டுவாரானால், அந்த மீன் யாருக்குச் சொந்தம்?

இக்கேள்விக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலேயே தீர்ப்பு உண்டு. பனூ ஸுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர், திரும்பி வந்து, ஒரு பகுதியைப் பொதுவுக்கென்றும் மற்றதைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பென்றும் பிரித்துவைத்தபோது, நாயகம் அவர்கள் மிம்பரின்மீது ஏறி நின்று, அந்த மனிதர் தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இவை அவரைத் தேடி வந்திருக்குமா என்று சபையறியக் கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் இது பதிவாகியிருக்கிறது. பதவியை நாடி வந்த வெகுமதி பதவிக்குரியது. ஆகவே அந்த மீனின் கிரயமும் ரசீதில் ஏற வேண்டியதே. வசூலுக்கு வருமுன்பே ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிய உறவும் சிநேகமும் உள்ளவர்கள், வழக்கமான அளவில் கொடுப்பதைச் சட்ட நூலார் விலக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சீதக்காதி வள்ளலின் கொடையைக் கொண்டாடும் இச்சீமையில், கொடையைச் சுமந்து சென்று உரியவரிடம் சேர்ப்பிப்பவரின் பொறுப்பைப் பற்றிப் பேச்சே குறைவு என்பது என் மனத்தை உறுத்துகிறது. அவர் கையிலுள்ள பணம் அமானத்து. தம் அஜாக்கிரதையின்றி அது களவு போனால் அவர்மேல் ஈடு இல்லை; ஆனால், நாளைக்கே வைத்துவிடலாம் என்ற நல்லெண்ணத்தோடேயாயினும், அதிலிருந்து நூறு ரூபாயை வீட்டுச் செலவுக்கு எடுத்தாரோ, அந்தக் கணமே பொறுப்பு அவர் தலையில் ஏறிவிடுகிறது.

உழைப்புக்குக் கூலி வேண்டாமா என்றால், ஜகாத்தைத் திரட்டுவோருக்கும் பங்குண்டென்று குர்ஆனின் தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் அனுமதிக்கிறது. ஜமாஅத்து வசூலிலும் கூலி கொடுப்பதானால், அது முன்கூட்டியே பேசி, கொடுப்போரும் அறியும்படி வைக்கப்பட்டதாக இருக்கட்டும். கலியாணம் முடிந்து மிச்சம் நின்றாலோ, அதைப் பள்ளிவாசல் சுவருக்கு வெள்ளையடிக்கத் திருப்பிவிடாமல், கொடுத்தவர்களைக் கேட்க வேண்டும்; கேட்க இயலாதபோது, அடுத்த குமரின் காரியத்துக்கு எடுத்துவைக்க வேண்டும்.