ஒளிக்கற்றையைத் திருத்தும் இரு முப்பட்டகங்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



வரலாறு பயின்று பி.ஏ. பட்டம் பெற்ற யாம் லேசரைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எம்மிடம் பயின்று, இன்று ஒளியியல் கருவிகளை வடிவமைக்கும் பணியில் உள்ள மாணவர் ஒருவர், கோடை விடுமுறையில் எமது இல்லம் வந்து, தம் மடிக்கணினியில் தம் வேலையைக் காட்டினார். அதனுள் யாம் கண்டது பத்தாம் வகுப்புப் பாடநூலில் உள்ள ஸ்நெல் விதியே. ஆகவேதான் துணிந்து மேடை ஏறினோம்.

லேசர் டையோடு என்பது மணலளவே உள்ள குறைகடத்தித் துண்டு. 1962 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் ஹால் குழுவினர் இதனை முதன்முதலாக இயக்கிக் காட்டினர். அறை வெப்பநிலையில் இடைவிடாது ஒளிரும் டையோடு 1970 இல் கைகூடியது. கடையில் விற்கும் சிவப்பு லேசர் பேனாவுக்குள் இருப்பதும் இதுவே. ஒளி வெளிவரும் வாயில் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் உயரமும் 3 மைக்ரோமீட்டர் அகலமும் உடையது எனக் கொள்வோம். வாயில் எத்திசையில் குறுகியதோ அத்திசையில் ஒளி மிகுதியாக விரியும். விளிம்பு விளைவு என்று நம் பாடநூல் கூறுவது இதனையே. ஆதலால் ஒளி உயரவாக்கில் 30 பாகையும், அகலவாக்கில் 10 பாகையுமாக விரிகின்றது.

5 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள லென்ஸை முன்னே வைத்தால் ஒளி இணைக்கற்றையாகும், ஆயினும் 2.68 மில்லிமீட்டர் உயரமும் 0.87 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டமாகவே நிற்கும். நுண்துளைக்குள் குவிக்கவும், மெல்லிய இழைக்குள் செலுத்தவும் வட்டக் கற்றையே ஏற்றது. வட்டத் துளையிட்ட தகட்டால் மிகுதியை மறைத்துவிடலாமே எனின், அரிதிற் பெற்ற ஒளியை வீணே இழப்பதாகும்.

இங்குதான் முப்பட்டகம் உதவுகின்றது. சன்னல் வழி வரும் மாலை வெயில் தரையில் சாய்ந்து விழும்போது, சன்னலைவிட நீண்ட கட்டமாகப் படிவதைக் கண்டிருப்பீர்கள். கண்ணாடிப் பரப்பிலும் அவ்வாறே. சாய்வாக விழும் கற்றை அகன்று படிந்து, விலகி உள்ளே நுழைகையில் அவ்வகற்சியில் ஒரு பங்கைத் தக்கவைத்துக் கொள்கின்றது. மறுபுறத்தில் செங்குத்தாக வெளியேறுமாயின் அதனை இழப்பதில்லை. உயரமோ மாறுவதேயில்லை. ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடியில் படுகோணம் 60 பாகையாயின், விலகுகோணம் ஏறத்தாழ 35.3 பாகை, அகலம் 1.63 மடங்காகும். ஆனால் கற்றை 25 பாகையளவு திரும்பிவிடும். இரண்டாம் முப்பட்டகத்தைத் தலைமாறாக வைத்தால் அது பழைய திசைக்கே மீளும், சற்றுப் பக்கவாட்டில் தள்ளி. அகலமும் மொத்தம் 2.67 மடங்காகும்.

மாணவர் கணினியில் முதலில் இதனையே அமைத்தார். அகலம் 2.33 மில்லிமீட்டரில் நின்றது, வட்டமாகவில்லை. படுகோணங்களை 62.5 பாகையாக்கினார், 2.67 மில்லிமீட்டர் ஆயிற்று. இரண்டரைப் பாகைத் திருப்பம், அவ்வளவே! யாம் அன்றிரவு சைன் அட்டவணையை எடுத்துவைத்துக் கணக்கிட்டோம், விடை ஒத்திருந்தது. கணினி ஆயிரக்கணக்கான கதிர்களுக்கு நொடியில் செய்வதும் இக்கணக்கே.

எமது பள்ளி நாளில் முப்பட்டகத்தை யாம் தொட்டதில்லை. அது பூட்டிய அலமாரியில் இருந்தது. ஆய்வுநாளில் சிலர் கையில் மட்டும் தரப்பட்டது. எம்மைப் பின்வரிசையில் நின்று பார்க்கச் சொன்னார்கள். அந்த அலமாரிக்கு இன்று மாற்றுவழி உண்டு. ஸீமாக்ஸ் போன்ற வணிக மென்பொருள்கள் விலை மிகுந்தவை. எனினும் கட்டணமின்றிக் கிடைக்கும் கதிர் வரைவு நிரல்களும் உள்ளன.

ஆயின் கணினி, நாம் சொன்னதை மட்டுமே அறியும். ஒரே வகை டையோடுகளிலும் விரிகோணம் ஒன்றுபோல் இராது. 10 பாகைக்குப் பதில் 8 பாகை விரியும் டையோடு வந்துவிட்டால், அதே அமைப்பில் அகலம் 2.13 மில்லிமீட்டராகி மீண்டும் நீள்வட்டமே தோன்றும். எனவே எல்லைகளையும் இட்டுப் பார்க்காத ஒத்திகை அரைகுறையானது. கற்றை முப்பட்டகத்தை அடையுமுன் இணைக்கற்றையாகி இருத்தலும் வேண்டும். இல்லையேல் கிடைத்திசைக்கு ஓரிடத்திலும் செங்குத்துத்திசைக்கு வேறோரிடத்திலும் குவியும்.

இன்னொன்று எம்மை மிகவும் மகிழ்வித்தது. இவ்வகை டையோடுகளின் ஒளியில் மின்புலம் பொதுவாக அகலவாக்கில் அதிர்கின்றது. நாம் விரிப்பதும் அத்திசையிலேயே. 60 பாகையில் சாய்ந்த பரப்பொன்றில் எதிரொளித்து இழப்பது ஆயிரத்தில் இரண்டு பங்கே. மாறாக, முப்பட்டகங்களைத் திருப்பி வைத்து உயரத்தைச் சுருக்கி வட்டமாக்க முயன்றால், பூச்சில்லாத சாய்ந்த பரப்பு ஒவ்வொன்றிலும் நூற்றுக்குப் பதினெட்டு போய்விடும். வடிவம் வட்டமே, ஒளிதான் குறையும். வடிவத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

லேசர் பேனாவைச் சுவரில் அடித்துப் பாருங்கள். பொட்டு நீண்டிருக்கின்றதா எனக் காணுங்கள். கண்ணுக்கு நேரே ஒருபோதும் பிடிக்கலாகாது. யாம் கணக்கிட்ட தாள்களை மேடைக்கு அருகில் வைத்துள்ளோம். 8 பாகை டையோடுக்கு உரிய படுகோணம் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கின்றோம். சைன் அட்டவணையும் அங்கேயே உள்ளது.