கணினியிலுள்ள தடத்தைக் காப்போம்

 

கோவில்பட்டிக் கரிசலில் களவு நடந்தால், காலடித் தடத்தை எவரும் மிதியாமல் காப்போம். ஊராட்சிக் கணினியிலும் தடம் உண்டு. அதனுள் யார், எப்பொழுது நுழைந்தார் என்பதை விண்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டிலும், லினக்ஸ் பதிவுக் கோப்புகளிலும் குறித்து வைக்கும். வரி செலுத்திய உழவர் பெயரில் பாக்கி காட்டப்பட்டால் அத்தடமே சாட்சி.

ஆகவே, ஐயம் எழுந்தால் அணைந்த கணினியை இயக்கலாகாது. ஓடும் கணினியை அணைக்கலாகாது. மின்சாரம் நின்றால் தற்காலிக நினைவகத்திலுள்ளவை அழிந்துபோம். உடனே காவல் துறைக்கு அறிவிப்போம். வல்லுநர் நகலெடுத்து, கைரேகை போன்ற ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிப்பர். ஓரெழுத்து மாறினும் அது மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, அம்மதிப்புடன் கூடிய சான்றிதழைக் கோருகிறது.

தடத்தைக் காப்பது உழவரின் உரிமையைக் காப்பதாகும்.