மண் மணி கோத்த ஐந்து நாட்கள்



சென்னைக்கு அருகே கையால் அணிகலன் செய்வோர் கூடிய முகாமில் ஐந்து நாட்கள் தங்கிக் கற்றதைக் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர்.

முதல் நாள் முழுவதும் மண் பிசைந்தோம். களிமண்ணைக் கரைத்து வடிகட்டி, காற்றுக் குமிழி எஞ்சாதபடி பிசைய வேண்டும். குமிழியில் ஈரம் தங்கினால் சூளையில் மணி வெடிக்கக்கூடும். துளையை ஈரத்திலேயே இட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு நான் வெயிலில் வைத்த ஒன்பது மணிகளும் விரிசல் கண்டன! காற்றோட்டமாகச் சுட்டால் சிவப்பு. உமியிட்டு மூடிப் புகையில் சுட்டால் கறுப்பு. இவ்விரு நிறங்களையும் ஒரே பானையில் இணைத்த கைகளை, 2014இல் தொடங்கிய கீழடி அகழாய்வு நமக்குக் காட்டிற்று. சுடுமண் மணிகளும் அங்கே கிடைத்தன.

ஓரிரவு உணவின்போது ஒருவர், “இது உங்கள் குலத்தொழிலா?” என வினவினார். “இல்லை, ஐயா, எங்களுக்கு விதித்த தொழில் வேறு” என்றேன். அதன்பின் அவர் பேசவில்லை.

அதே வினா அரசு ஏட்டிலும் உண்டு. மத்திய அரசு 2023இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் குடும்பவழித் தொழிலை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டமோ அந்நிபந்தனையின்றி, 25 தொழில்களுக்கு 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், 50,000 ரூபாய்க்கு மிகாமல் 25 விழுக்காடு மானியமும் அறிவித்தது. வரவேற்கிறேன். ஆயினும் 35 வயது நிறைய வேண்டுமென்றனர். பள்ளி முடித்த நம் பிள்ளைகள் அதுவரை என் செய்வர்?

நான் செய்த மாலைகள் மேடையருகே உள்ளன, எடுத்துப் பாருங்கள். கற்க விரும்புவோர் ஞாயிறு காலை சங்கக் கட்டடத்திற்கு வரலாம். பாப்பாரப்பட்டி வெயிலுக்கு அங்கே நல்ல நிழல் உண்டு.