எண்ணப்படாத பாடம்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் வாழும் நம் சகோதரிகள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: “மகள் எஸ்.ஏ.ரி. பரீட்சை எழுதப் போகிறாள். பொறியியல்தான் விருப்பம். கணிதத்தை மட்டும் பார்த்தால் போதாதா?”

இக்கேள்வி எங்கே பிறந்தது என்று எங்களுக்குத் தெரியும். இதே மண்டபத்துக்கு அடுத்த வகுப்பறையில்தான். உயர்தரத்தில் மூன்று பாடங்களின் இசட் புள்ளியே பல்கலைக்கழக வாசலைத் திறக்கும். பொது ஆங்கிலம் அதில் சேராது. ஆகவே ஆங்கிலப் பாடவேளையில் மேசைக்குக் கீழே பௌதிகக் கணக்குச் செய்தோம். ஆசிரியை கண்டும் காணாததுபோல் இருந்தார். பின்னர் பல்கலைக்கழகத்தில் முதல் ஆங்கில விரிவுரையன்று, வாசல் திறந்தும் உள்ளே போக முடியாதவர்களாய் விழித்துக்கொண்டிருந்தோம்.

எஸ்.ஏ.ரி.யில் இரு பகுதிகள்: வாசிப்பும் எழுத்தும் ஒன்று, கணிதம் மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 800 வரை, மொத்தம் 1600. கூட்டும்போது இரண்டும் சமம். ஆனால் தெரிவு செய்யும் கல்லூரிகள் மொத்தத்தோடு நிற்பதில்லை. இரண்டையும் தனித்தனியே பார்க்கின்றன. எம்.ஐ.ரி. 2022 இல் பரீட்சையை மீண்டும் கட்டாயமாக்கியபோது, குறிப்பாகக் கணிதப் புள்ளியின் பயனை எடுத்துச் சொன்னது. காரணம், அங்கே எத்துறை மாணவரும் நுண்கணிதமும் பௌதிகமும் படித்தே ஆகவேண்டும். பல கல்லூரிகள் வெவ்வேறு நாட்களில் பெற்ற சிறந்த பகுதிப் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகமோ அனுமதிக்கு இப்பரீட்சையைப் பார்ப்பதே இல்லை.

நிறைகளும் மாறுகின்றன. 2005 இல் எழுத்துக்குத் தனிப் பகுதி வந்து மொத்தம் 2400 ஆனது; 2016 இல் மீண்டும் 1600 ஆயிற்று. இன்று எண்ணப்படுவதை மட்டும் நம்பிப் பிள்ளையை வளர்த்தால், நாளை அந்தக் கணக்கே மாறிவிடும்.

ஆகவே சகோதரிகளே, பொறியியலுக்குக் கணிதம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மற்றப் பகுதிக்கு நிறை குறைவென்றால் அது வேண்டாதது என்று பொருளல்ல. விண்ணப்பக் கட்டுரையை எழுதுவதும், விரிவுரையைப் புரிந்துகொள்வதும், விளங்காவிட்டால் எழுந்து கேள்வி கேட்பதும் அந்தப் பகுதியின் வேலைதான்.

மேசைக்குக் கீழே கணக்குச் செய்த பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டாம். அன்று எங்களைக் கண்டும் காணாததுபோல் இருந்த ஆசிரியை இன்று முன்வரிசையில் இருக்கிறார். அவரிடம் இத்தனை ஆண்டுகள் கழித்து மன்னிப்புக் கேட்டு அமர்கிறோம்.